கடைசியாக முழுகியது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில், உட்பக்கம் ஒன்றின் அடியில், சீமெந்து விளம்பரத்துக்கு மேலே ஒரு சிறிய செய்தி வந்திருந்தது. "கர்ப்பிணியாக நடித்த பெண் மாட்டினார்" என்று தலைப்பு. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் பிரசவ விடுதிக்குள் நுழைந்து, வெறுமையாகக் கிடந்த கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாராம். பரிசோதித்தபோது வயிற்றில் பிள்ளை இல்லையாம். அவருடைய பைக்குள் குழந்தை உடுப்புகளும் இரண்டு சவர்க்காரமும் இருந்தனவாம். பிள்ளை திருட வந்தவராக இருக்கலாம் என்று காவலாளி சந்தேகப்பட்டாராம். இத்தனையும் எழுதிய பிறகு கடைசி வரியில், "இவர் மனநலச் சிகிச்சை பெற்றுவருபவர் என்றும் கூறப்படுகிறது" என்று உங்கள் நிருபர் முடித்திருக்கிறார். பக்கத்தில் படம். கண்களுக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு. எங்கள் பகுதியில் அந்தக் கோட்டைத் தாண்டி ஆளை அடையாளம் காண எவருக்கும் அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று நான் இங்கிருந்துகொண்டு சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி வரி முதல் வரியாக வந்திருந்தால், தலைப்பில் "நடித்த" என்ற சொல் நின்றிருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லும்போது என்னுடைய பிழை ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற மருத்துவமாது. 32 ஆண்டுகள், முழுவதும் முல்லைத்தீவு மாவட்டத்தில். சைக்கிளில் தொடங்கி ஸ்கூட்டரில் முடித்தேன். நடுவில் போரின் கடைசி ஆண்டான 2009 வந்தது. அந்த மாதங்களில் எங்கெங்கே பிள்ளைப்பேறு பார்த்தேன் என்பது வேறு கடிதத்துக்குரியது. சாதாரண நாட்களில் என் வேலை கொப்பியும் அளவு நாடாவும்தான். கிராமத்தில் எந்த வீட்டில் யார் கர்ப்பம், எத்தனையாம் மாதம், இரத்தம் போதுமா, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷ சத்துமாவை அவளே சாப்பிடுகிறாளா அல்லது வீட்டுக்காரர் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று நேராகச் சொல்வது குறைவு. "முழுகாமல் இருக்கிறாள்" என்போம். மாதவிலக்கு வந்து தலையில் தண்ணீர் வார்ப்பது நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. முழுக்கு நின்றது என்று மட்டும் சொல்கிறது. கேட்பவர்கள்தான் பிள்ளையைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். இருபத்தைந்து வருடம் இந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே திரிந்தும், ஒரு நோயாளி எனக்குக் காட்டும்வரை இது எனக்கு உறைக்கவில்லை.

2011ஆம் ஆண்டு. மீள்குடியேறி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கூரைத் தகரமும் தறப்பாளுமாகக் கர்ப்பிணி கிளினிக் நடந்தது. வாங்கின் ஓரத்தில் ஒரு பெண் வந்து உட்காருவார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் எழுதமாட்டேன், அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், என்னைவிட இளையவர் என்றாலும். உரப்பையைப் பிரித்துத் தைத்த பை ஒன்று மடியில் இருக்கும். தன் பெயரைக் கூப்பிடும்படி கேட்கமாட்டார். எல்லாரும் போனபிறகு எழுந்து வந்து, "மிஸ்ஸி, எனக்கும் ஒரு கர்ப்பிணி அட்டை தாருங்கள்" என்பார். கணவரும் மூத்த மகனும் 2009 இல் போய்விட்டார்கள். கணவர் இல்லாமல் இரண்டு வருடம் கழிந்த பெண் கர்ப்பிணி அட்டை கேட்டால் கிளினிக்கில் என்ன பேச்சு வரும் என்று நான் எழுதத் தேவையில்லை. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள். சிரிப்பதற்காகத்தான்.

நான் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். வயிறு உப்பியிருந்தது. ஆனால் கைக்குக் கருப்பை தட்டுப்படவில்லை. பிள்ளை வளர்ந்த வயிற்றில் தொப்புள் தட்டையாகும், சிலருக்கு வெளியே தள்ளும். இவருக்குக் குழிந்தபடி இருந்தது. சிறுநீர் எடுத்துக் கர்ப்பம் பார்க்கும் பட்டியில் விட்டேன். ஒரு கோடு. ஒரு கோடு என்றால் இல்லை என்று விளக்கினேன். அவர் பட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை இன்னும் கோடு போடுகிற அளவுக்கு வளரவில்லை" என்றார். கணவர் போகும்போதே தந்துவிட்டுப் போனது, மெதுவாகத்தான் வளர்கிறது என்றார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பைக்குள் என்ன என்று கேட்டேன். கணவருடைய வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் மடித்துக் கையால் தைத்திருந்தார். பதினேழு துண்டு. தையல் அவ்வளவு நுணுக்கம். என் மகளுக்கே நான் அப்படித் தைத்ததில்லை.

எழுந்து சட்டையைச் சரிசெய்தபோதுதான் கண்டேன். மார்பில் இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "பால் வருகிறது, மிஸ்ஸி. பிள்ளை இல்லாவிட்டால் ஏன் வருகிறது?"

இருபத்தைந்து வருட அனுபவம் இருந்தும் என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய கேள்வியில் பைத்தியம் ஒன்றும் இல்லை. மாதவிலக்கு இல்லை, மார்பு கனக்கிறது, பால் சுரக்கிறது. ஊரில் எந்தப் பெண்ணிடம் இந்த மூன்றையும் சொன்னாலும் என்ன முடிவுக்கு வருவாளோ, அதற்கே அவரும் வந்திருந்தார்.

அவருடைய தமக்கையுடன் நானும் சேர்ந்து, மனநலக் கிளினிக் நடக்கும் நாளில் பஸ் ஏறிப் போனோம். அங்கேயிருந்த இளம் டொக்டர் மருந்துக் கொப்பியைப் புரட்டினார். மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒரு ஊசி, இரவில் ரிஸ்பெரிடோன் என்ற குளிசை. "மாதவிலக்கு நின்று எவ்வளவு காலம்?" என்று கேட்டார். பதினான்கு மாதம். அதை அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை. கொப்பியிலும் எழுதியிருக்கவில்லை. சொல்லப்போனால் அந்த டொக்டரும் நான் பாலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் கேட்டார். ஆனால் கேட்டார். அவருக்கு என்றும் நன்றி.

அவர் எனக்கு விளங்கப்படுத்தியதை என் மொழியில் சொல்கிறேன். மூளையின் அடியில் கபச்சுரப்பி என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. பால் சுரக்கவைக்கும் புரோலக்டின் என்ற ஓமோன் அங்கிருந்துதான் வருகிறது. சாதாரணமாக அது தாராளமாக வெளியே வராதபடி டோபமின் என்ற பொருள் தடுத்துவைத்திருக்கும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் அந்த டோபமினின் வேலையைத்தான் மறிக்கின்றன. நோய் அடங்குவதும் அதனால்தான். ஆனால் மறிப்பு கபச்சுரப்பியிலும் விழுகிறது. காவல் விலகியதும் புரோலக்டின் ஏறுகிறது. முட்டை முதிர்வது குழம்புகிறது, மாதவிலக்கு நிற்கிறது, சிலருக்குப் பாலும் வருகிறது. ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல், அமிசல்பிரைட் போன்றவற்றில் இது கூட. அரிப்பிபிரசோல், குவெட்டியபின், குளோசபின் போன்றவற்றில் குறைவு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பெட்டை நாய் நினைவுக்கு வந்தது. (பெண்ணை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் கோபிக்கவேண்டாம், உடம்பு உடம்புதான்.) அதற்குப் பருவம் வந்துபோய் இரண்டு மாதம் இருக்கும். கடுவன் அண்டியதே இல்லை. ஆனால் மடி இறங்கியது, பால் கசிந்தது. என் பேத்தியின் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டுபோய் விறகு அடுக்கிய மூலையில் வைத்து நக்கிக்கொண்டிருந்தது. எடுக்கப்போனால் உறுமியது. நாய்களில் இது சாதாரணம் என்று மிருக வைத்தியர் சொன்னார். அங்கேயும் காரணம் இதே புரோலக்டின்தான். அந்த நாய் நடிக்கிறது என்று எங்கள் ஒழுங்கையில் எவரும் சொல்லவில்லை.

அக்காவின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் எல்லோரும், கிராம சேவையாளர் முதல் கோயில் ஐயர் வரை, ஒரே காரணம்தான் சொன்னார்கள்: போரில் பிள்ளையை இழந்தவள், அந்த ஏக்கத்தில் இப்படி நினைக்கிறாள். வெளியிலிருந்து வந்து கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். ஏக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வேட்டியை அவர் சும்மா வெட்டவில்லை. ஆனால் அவருக்கு நோய் தொடங்கியது 1995 இல், இருபத்திரண்டு வயதில். அப்போது கணவரும் இல்லை, மகனும் இல்லை. வன்னியில் எதற்கும் போரைக் காரணமாகச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் எவரும் கேள்வி கேட்பதில்லை. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். துயரத்துக்குக் கொடுத்த மரியாதையில், குளிசைப் பெட்டியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

இரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். ஓமோன் பலமடங்கு ஏறியிருந்தது. டொக்டர் மருந்தை ஒரேயடியாக நிறுத்தவில்லை. புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அதற்குள் இரண்டு தடவை அக்கா நித்திரை இல்லாமல் இரவிரவாக வளவுக்குள் நடந்தார். தமக்கை பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். நான்கு மாதம் இருக்கும். ஒரு காலை, தமக்கையின் மகனுடைய சைக்கிள் கரியரில் உட்கார்ந்து என் படலைக்கு வந்தார். தலைமயிர் ஈரம்.

"மிஸ்ஸி, முழுகிவிட்டேன்."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பிள்ளை கரைந்துவிட்டது என்றார். பிள்ளை இருக்கவே இல்லை என்று நான் திருத்தவில்லை. தமக்கை திருத்தினாள், நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். மருந்து மாறி, நம்பிக்கை இளகினாலும் அது சட்டென்று உடைந்துபோகிற பானை அல்ல. அவருக்கு அது ஒரு சாவுதான். பிறகு அவரே பையைத் தொட்டுக்காட்டி, "இந்தத் துணி இப்போது எனக்கே உதவுகிறது" என்றார். பிள்ளைக்கு என்று தைத்த பதினேழு துண்டும் மாதவிலக்குத் துணியாகப் போயின. இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

எல்லாப் பெண்களுக்கும் காரணம் குளிசைதான் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மருந்து தொடங்குமுன்பே இந்த நம்பிக்கையோடு வருபவர்கள் இருக்கிறார்கள். நோயே அதை உண்டாக்கும். ஆண்களுக்கும் இப்படி ஏற்பட்டதை வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மேற்கு வங்கக் கிராமங்களில் நாய் கடித்ததால் தங்கள் வயிற்றில் குட்டி வளர்கிறது என்று நம்பிய ஆட்களைப் பற்றி, ஆண்கள் உட்பட, 2003 இல் ஆய்வு வெளிவந்தது. மனநோய் இல்லாமலே வருகிற பொய்க்கர்ப்பம் என்ற ஒன்றும் தனியாக உண்டு. அதில் வயிறு உண்மையாகவே பெருக்கும், மாதவிலக்கு நிற்கும், துடிப்பும் தெரியும். ஆனால் ஸ்கான் படத்தைக் காட்டிப் பக்குவமாகச் சொன்னால் பலர் அழுதுவிட்டு ஏற்றுக்கொள்வார்கள். மனச்சிதைவில் வரும் நம்பிக்கை ஸ்கானுக்கு அசையாது. "அந்த மெசினில் தெரியாது" என்று பதில் வரும். இங்கிலாந்து அரசி முதலாம் மேரிக்கு வந்தது பொய்க்கர்ப்பமாகத்தான் இருக்கவேண்டும். 1555 இல் பிள்ளைப்பேற்றுக்கென்று மாளிகையில் போய் இருந்தார். ஏப்ரல் முடிவில் இளவரசர் பிறந்துவிட்டார் என்று வதந்தி பரவி லண்டனில் மணியும் அடித்தார்கள். பிள்ளை வரவில்லை. கோடை முடிகிற நேரம் சத்தமில்லாமல் மாளிகையை விட்டுப் போனார். வரலாறு படிப்பித்த என் கணவர் சொல்லக் கேட்டது இது. அரசி நடித்தார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வயிறு பெருத்து வந்தவர்களில் இந்த இரண்டிலும் சேராமல், சூலகத்தில் கட்டியோடு வந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அக்காவிடம் நான் ஒரு பாடம் படித்தேன் அல்லவா? அந்தப் பாடத்தை அளவுக்கு மேல் நன்றாகப் படித்துவிட்டேன். 2013 இல், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு குடும்பம். முப்பது வயதுப் பெண், வயதான தாயோடு இருந்தாள். பல வருடமாக மருந்து எடுப்பவள். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் படலைவரை ஓடிவருவாள். "மிஸ்ஸி, நான் முழுகாமல் இருக்கிறேன்." முதல் தடவை சிறுநீர் பார்த்தேன், இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் சொன்னாள், பார்த்தேன், இல்லை. அடுத்த முறை சொன்னபோது எனக்கு நேரமில்லை. பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று வீடு பார்க்கவேண்டும், மழை இருட்டிக்கொண்டு வந்தது. "சரி பிள்ளை, அடுத்த முறை பார்ப்போம்" என்று ஸ்கூட்டரை உதைத்தேன். குளிசைதான் காரணம், எனக்குத்தான் தெரியுமே என்று ஒரு நினைப்பு. அடுத்த முறை போனபோதும் அதே பதில்.

தை மாதத்தில் அவள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். பக்கவாட்டில் பார்த்தேன். சோட்டி காற்றில் ஒட்டியபோது வயிறு தெரிந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய்க் கையை வைத்தேன். ஐந்தாம் மாதம். உள்ளே பிள்ளை புரண்டது.

அவள் கோபப்படவில்லை. "நான் சொன்னேன்தானே, மிஸ்ஸி" என்றாள்.

அவள் எடுத்துக்கொண்டிருந்த மருந்துகளில் ஒன்று சோடியம் வல்புரோவேட். வலிப்புக்கும் மனநிலை ஏறி இறங்குவதற்கும் கொடுக்கும் மருந்து. கர்ப்ப காலத்தில் அதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று உறுப்புக் குறையோடு பிறக்கிறது. முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது அவற்றில் ஒன்று. பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் பேச்சும் படிப்பும் பிந்துகின்றன. மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் குழாய் கரு உண்டாகி நான்கு கிழமைக்குள் மூடிவிடும், அதாவது நாள் தள்ளிப்போய்விட்டதே என்று பெண்ணுக்குச் சந்தேகம் வருகிற அதே நேரத்தில். அதனால்தான் பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்ணுக்கு வேறு வழி இருந்தால் அந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நான் கண்டபோது ஐந்தாம் மாதம். மூடவேண்டியது மூடிவிட்டதா இல்லையா என்பது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

ஆண் பிள்ளை. முதுகு நேராக இருந்தது. இப்போது பதினொரு வயது. துடினமான பிள்ளை, மரம் ஏறுவான், என்னைக் கண்டால் ஒளிப்பான். எழுத்துக்கூட்டுவதற்கு மட்டும் மிகவும் திணறுகிறான். மருந்தாலா, வறுமையாலா, சும்மாவே அப்படியா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. என்னாலும் முடியாது. முடியாது என்பதாலேயே அது என்னை விட்டுப் போவதில்லை.

பிள்ளையின் தகப்பன் யார் என்ற விவரம் இந்தக் கடிதத்தில் வராது. ஒன்று மட்டும் எழுதுகிறேன். அவள் சொல்வதெல்லாம் நோயின் பேச்சு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனும் அதை நம்பித்தான் வந்துபோனான்.

இதனால்தான் சொல்கிறேன், மனநோயாளியான ஒரு பெண் தான் கர்ப்பம் என்று சொன்னால் அதை நம்புவதா, நம்பாமல் விடுவதா என்பது கேள்வியே அல்ல. சிறுநீரைப் பாருங்கள். நூறாவது முறை சொன்னாலும் நூறாவது முறையும் பாருங்கள். பாமசியில் ஒரு பட்டியின் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட இல்லை. பட்டியில் ஒரு கோடுதான் வந்தால், அத்தோடு விட்டுவிடாமல் முழுக்கு ஏன் நின்றது என்று கேளுங்கள்.

ஒரு மருத்துவமாது எந்தப் பெண்ணைக் கண்டாலும் முதலில் கேட்பது, "கடைசியாக முழுகியது எப்போது?" அந்தத் திகதியிலிருந்துதான் எங்கள் கணக்கு எல்லாம் தொடங்கும். மனநலக் கிளினிக்கில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அங்கே நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, குரல் கேட்கிறதா என்று கேட்பார்கள். அவர்களிலும் குறை சொல்லமுடியாது. காலை எட்டு மணியிலிருந்து வாங்கு நிரம்பி வெளியே மரத்தடிவரை ஆட்கள், எல்லோருக்கும் பின்னேர பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கர்ப்பிணி கிளினிக் ஒரு நாள், மனநலக் கிளினிக் இன்னொரு நாள். அந்தக் கொப்பி எனக்கு வராது, என் கொப்பி அங்கே போகாது. இரண்டு கொப்பிக்கும் நடுவில்தான் அந்தப் பெண் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் திகதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு கீறி, கடைசி மாதவிலக்குத் திகதி என்று எழுதினால் போதும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், வெளிநாட்டுப் பணம் வேண்டாம், ரிப்பன் வெட்ட எவரையும் கூப்பிடவும் வேண்டாம். ஆண் டொக்டரிடம் சொல்ல வெட்கப்படுவார்கள் என்றால், துண்டு கொடுக்கும் தாதி கேட்கட்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று. இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து குளிசையை நிறுத்திவிடாதீர்கள். நின்றால் நோய் திரும்பும், அது பாலைவிடப் பெரிய கரைச்சல். கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் முழுக்கு நின்றதைச் சொல்லுங்கள், அவர் மாற்றுவதா குறைப்பதா என்று பார்ப்பார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதென்றால் வையுங்கள், நானும் வைப்பவள்தான். அவளோடு வாதாடவேண்டாம், ஸ்கான் படத்தை முகத்துக்கு முன்னால் ஆட்டவேண்டாம். அதற்காக ஒத்து ஊதவும் வேண்டாம். ஒரு வீட்டில் பாவம் என்று நினைத்துத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். பத்தாம் மாதம் கழிந்ததும் பிள்ளையை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண் அயல்வீட்டுக்குக் கத்தியோடு போனாள். "உனக்கு அப்படித் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. வா, போய்க் காட்டுவோம்." நான் சொல்லிப் பழகிய வசனம் இது. எல்லா நாளும் பலிக்காது. அவசரம் என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் செய்தியில் வந்த பெண் பிள்ளை திருட வந்தாரா என்பதைப் பொலிஸ் பார்க்கட்டும். பிள்ளை திருட வருபவர் சவர்க்காரத்தோடும் குழந்தை உடுப்போடும் பட்டப்பகலில் வந்து, எல்லோரும் பார்க்கக் கட்டிலில் ஏறிப் படுப்பாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கடைசியாக முழுகியது எப்போது என்று அந்த விடுதியில் எவராவது கேட்டார்களா? அதை உங்கள் நிருபர் விசாரித்திருந்தால் அது செய்தி.

இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்று காலையும் இருந்தது, பேத்தியின் கைபேசியில் பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள். அந்தப் பையையும் அதற்குள் இருந்த உடுப்புகளையும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்றும் நிருபரிடம் கேட்டு அறிவித்தால் நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவமாது,
முள்ளியவளை.